இடது கை ஆள்காட்டி விரல்

அந்தக் காலையில் ரத்தம் எடுக்கும் அறையில் இருந்தவர்கள்: மேசைக்கு இந்தப் பக்கம் கொசு. அந்தப் பக்கம், சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்ட ஒரு லாரி டிரைவர். டிரைவருக்குத் துணையாக வந்து, அவரைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்த அவருடைய மச்சான். அலமாரி அருகே நின்று குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடி. ஜன்னலோரம் திறந்து கிடந்த கையுறைப் பெட்டிக்குள் ஒரு குளவி. கடைசியாகச் சொன்ன ஆசாமி அங்கே இருந்தது மற்ற நால்வருக்கும் தெரியாது.

கொசு என்பது பட்டப்பெயர். பதினாறு வருடமாக அந்தப் பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். 'கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே' என்று எப்போதோ ஒரு பெரியவர் சொல்லப்போக, அது அவளோடு ஒட்டிக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பாள். உள்ளுக்குள் பெருமைதான். காலை ஆறரைக்கு வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிற கூட்டத்தில் பாதிப்பேர், "கொசு இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் சீட்டு வாங்குவார்கள்.

கண்ணாடியும் பட்டப்பெயர்தான். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டவள், ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறாள், பேச்சு குறைவு. கொசு விடுப்பில் போனாலோ கூட்டம் தாங்காவிட்டாலோ மட்டும் ஊசியைக் கையில் எடுப்பாள். அப்போது கை லேசாக நடுங்கும். நோயாளிகள் அந்த நடுக்கத்தைப் பார்த்துவிடுவார்கள்.

கொசுவின் வித்தை கண்ணில் இல்லை, இடது கை ஆள்காட்டி விரலில் இருந்தது. மேல்கையில் ரப்பர் பட்டையை இழுத்துக் கட்டுவாள். அந்த விரலை முழங்கை மடிப்பில் வைத்து அமுக்கிப் பார்ப்பாள். அப்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு, வந்தவரிடம் மழையைப் பற்றியோ மகன் படிப்பைப் பற்றியோ கேட்டுக்கொண்டிருப்பாள். தோலுக்கு அடியில், தண்ணீர் நிரம்பிய மெல்லிய பலூன்போல ஒன்று விரலை எதிர்த்து எழும்பும். அதுதான் எடுக்க வேண்டிய ரத்தக்குழாய். கயிறுபோல விறைப்பாக இருந்தால் தசைநார். துடித்தால் அது தமனி, அந்தப் பக்கமே போகக்கூடாது. இந்த மூன்றும் ஒரு விரல் அகலத்துக்குள் அடுத்தடுத்து இருக்கும். விரல் சொன்ன இடத்தில் வலது கை ஊசியை இறக்கும். ஒரே குத்து.

அன்றைக்கு டிரைவரின் கையில் பட்டையைக் கட்டிவிட்டு, பெட்டியிலிருந்து கையுறையை உருவி இடது கையை உள்ளே நுழைத்தாள். குளவி ஆள்காட்டி விரல் நுனியில் இரண்டு தரம் கொட்டியது. அவள் அலறிக்கொண்டு கையுறையைப் பிய்த்தபோது, போகிற போக்கில் மணிக்கட்டில் இன்னொன்றும் கொட்டிவிட்டுப் பறந்தது. டிரைவர் அசையவில்லை. மச்சான்தான் நாற்காலியோடு சாய்ந்தான். கண்ணாடி முதலில் டிரைவரின் பட்டையை அவிழ்த்தாள், பிறகு மச்சானின் கால்களைத் தூக்கிப் பிடித்தாள், அதற்கப்புறம்தான் கொசுவிடம் வந்தாள். அந்த வரிசை சரியானது. ஆனாலும் கொசுவுக்குக் கோபம் வந்தது.

மத்தியானத்துக்குள் விஷயம் கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. "கொசுவைக் குளவி கொட்டிருச்சாம்ல!" கவுன்ட்டரில் சீட்டு எழுதுகிறவர் இதைச் சொல்லாத ஆள் இல்லை. பதினாறு வருடம் ஊர் முழுக்கக் குத்தினவளுக்குக் கடவுள் மொத்தமாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டார் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

வீக்கம் நாலு நாளில் வடிந்தது. ஐந்தாம் நாள் வேலைக்கு வந்துவிட்டாள். குளவி கொட்டினதற்கெல்லாம் யார் ஒரு வாரம் லீவு போடுவார்கள்?

வீக்கம் போனது, விரல் திரும்பி வரவில்லை. முதலில் மரத்துப்போன மாதிரி இருந்தது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து எழுந்தால் இருக்குமே, அப்படி. அது கொஞ்ச நேரத்தில் போய்விடும், இது போகவில்லை. இரண்டாம் வாரத்தில் மரப்புக்கு மேலே ஊசிகள் வந்தன. நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, யாரோ உள்ளே உட்கார்ந்து வரிசையாகக் குத்துகிற மாதிரி. சாயந்திரமானால் எரிச்சல். குளிர்ந்த தண்ணீர் பட்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல உதறிக்கொள்வாள். ஃபிரிட்ஜைத் திறக்க வலது கை, பால் பாக்கெட்டை எடுக்க வலது கை. பஸ்ஸில் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே தூங்குவது அவள் வழக்கம். இப்போது பிடித்திருக்கிறோமா இல்லையா என்று அடிக்கடி நிமிர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. ஒரு நாள் அடுப்பங்கரையில் ஏதோ கருகுகிற வாசனை வந்தது. பாத்திரத்தைப் பார்த்தாள், தீயைப் பார்த்தாள், கடைசியில்தான் தன் விரலைப் பார்த்தாள்.

அவள் கணவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். யார் பதறினாலும் பதறாமல் இருப்பது அவன் தொழில். "டாக்டரைப் பாரு" என்றான். அவள் பார்க்கவில்லை. மறுபடி சொன்னான். மூன்றாம் தரம், "நான் பிரேக்ல கால் வச்சுட்டேன், இனிமே வண்டி நகராது" என்று சொல்லிவிட்டு, அவளைக் கூட்டிக்கொண்டுபோய் நரம்பு டாக்டர் முன்னால் உட்காரவைத்தான்.

டாக்டர் பல்குத்தும் குச்சியால் குத்திப் பார்த்தார். பஞ்சால் தடவினார். கையில் ஒயர்களை ஒட்டி மின்சாரம் விட்டுப் பார்த்தார்.

"விஷம் நரம்பைச் சீண்டியிருக்கு. மெதுவாத்தான் சரியாகும்."

"எவ்வளவு மெதுவா?"

"சிலருக்கு ரெண்டு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்."

"ஆகாமயே போனவங்க?"

"அதுவும் உண்டு. கொஞ்சம்பேர்." மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?"

"லேப்ல."

அவர் 'லேப்' என்று எழுதிக்கொண்டார். அவள் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கணவன் ஒரு தரம் அவள் முகத்தைப் பார்த்தான். வெளியே வந்ததும், "முழுசா சொல்லியிருக்கலாம்" என்றான். "கேட்டதுக்குச் சொன்னேன்" என்றாள்.

ராத்திரிக்கு ஒரு மாத்திரை. அது எரிச்சலைக் கொஞ்சம் அடக்கும், காலையில் தலையைக் களிமண்ணாக்கும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாள். அது தப்பு என்று அவளுக்குத் தெரியும். வேறு யாராவது இப்படிச் செய்ததாகச் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருப்பாள்.

வேலையைச் சமாளிக்க வழி கண்டுபிடித்தாள். வலது விரலால் தடவிப் பார்ப்பது, பால்பாயின்ட் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைப்பது, பிறகு அதே வலது கையால் ஊசியை எடுத்துப் புள்ளியில் இறக்குவது. இளவட்டங்கள், உடற்பயிற்சி செய்கிறவர்கள், புடைத்த கைக்காரர்கள் எல்லாரும் இதில் தேறிவிடுவார்கள். பழைய வாடிக்கையாளர்களின் கைகள் அவளுக்கு மனப்பாடம். ஆனால் வயதானவர்கள், குண்டானவர்கள், அடிக்கடி குத்தப்பட்டுக் குழாய் தடித்துப்போனவர்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. அவர்களுக்குப் புள்ளி வைத்த இடத்திலிருந்து குழாய் நழுவிவிடும். இரண்டு குத்து. சில நாள் மூன்று.

அப்போது அவள் சொல்கிற பதில் ஒன்று உண்டு. "தண்ணியே குடிக்கலையா? உடம்பு வறண்டு கிடக்கு. அடுத்த தடவை நல்லா குடிச்சிட்டு வாங்க." ரத்தம் எடுக்கிற எல்லாருக்கும் தெரிந்த பழைய பதில்தான். சில சமயம் உண்மையாகவும் இருக்கும். குத்து வாங்கினவர்கள் தங்கள்மேல்தான் குற்றம் என்று தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். முன்னாலெல்லாம் கண்ணாடி இதைச் சொல்லும்போது கொசு அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்" என்பாள். இப்போது ஒரே காலையில் கொசு அதை நான்கு பேரிடம் சொன்னாள். கண்ணாடி சீட்டு ஒட்டிக்கொண்டே இருந்தாள். திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொசுவுக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டை போட்டிருக்கலாம்.

கண்டக்டரம்மா மூன்று வாரத்துக்கு ஒரு தரம் வருகிறவர். இருபது வருடம் பஸ்ஸில் சீட்டுக் கிழித்தவர். ரத்தத்தில் அணுக்கள் குறைகிற நோய் வந்து இப்போது நீண்ட விடுப்பில் இருந்தார். வீரியமான மாத்திரை சாப்பிடுவதால் அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குத்திக் குத்தி இடது கை முழுக்கத் தடித்துவிட்டது, எடுக்க ஏதாவது மிச்சம் இருந்தால் அது வலது கையில்தான். கொசுவைத் தவிர யாரையும் தொட விடமாட்டார். ஆஸ்பத்திரியில் ஒரு முறை யாரோ ஏழு தரம் குத்தி அவரை அழவைத்துவிட்டார்கள். அதிலிருந்து இந்தப் பிடிவாதம்.

போன தடவை கொசு அவரை இரண்டு தரம் குத்தியிருந்தாள். தண்ணீர்ப் பதிலையும் சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நகருங்க நகருங்க, உள்ள இடம் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார் கண்டக்டரம்மா. "என்ன கொசு, மூஞ்சி ஏன் பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு?"

"தூக்கம் இல்லைக்கா."

"எனக்கு மட்டும் இருக்கா? வீட்டுக்காரர் குறட்டை விடுறார் பாரு, ரிவர்ஸ்ல பஸ் எடுக்குற மாதிரி இருக்கும். சரி, சீக்கிரம் எடு. பசிக்குது."

பட்டையைக் கட்டினாள். வலது விரலால் தேடினாள், ஒன்றும் அகப்படவில்லை. பழக்க தோஷத்தில் இடது விரலையும் வைத்தாள். அப்போது, இத்தனை நாள் செத்துக் கிடந்த விரலுக்கு அடியில் ஏதோ எழும்பியது. பலூன்போல, அவளுக்குப் பழக்கமான அதே எதிர்ப்பு. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வந்துவிட்டது என்றே நினைத்தாள். புள்ளி வைக்கவில்லை, பேனாவைத் தொடவே இல்லை. விரல் சொன்ன இடத்தில் ஊசியை இறக்கினாள்.

கண்டக்டரம்மா "அம்மா!" என்று கத்தினார். குழாயில் ரத்தம் பளிச்சென்ற சிவப்பில் துள்ளித் துள்ளி ஏறியது. வழக்கமான கருஞ்சிவப்பு இல்லை. அது தமனி. துடிக்கிற தமனி, முதல் வாரப் பயிற்சிக்காரிக்கும் தெரிகிற துடிப்பு. அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே அவள் குத்தியிருந்தாள்.

ஊசியை உருவிப் பஞ்சை வைத்து, உடம்பு பாரம் முழுக்க இறங்குகிற மாதிரி அமுக்கினாள். கண்டக்டரம்மாவின் நோய்க்கு ரத்தம் சட்டென்று உறையாது. பத்து நிமிடம், பிறகு இன்னும் பத்து நிமிடம். கண்ணாடி கேட்காமலே பக்கத்தில் வந்து நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விடும்போது முழங்கை மடிப்பில் ஒரு முட்டை அளவுக்குக் கறுத்துப் புடைத்திருந்தது.

கண்டக்டரம்மா அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நீ சொன்னேன்னு தண்ணி குடிச்சேன் கொசு. விடிகாலையில எந்திரிச்சு மூணு டம்ளர். வர்ற வழியில ரெண்டு இடத்துல பாத்ரூம் தேடினேன். இன்னும் எவ்வளவு குடிக்கணும், சொல்லு, குடிக்கிறேன்."

கொசுவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அன்று சாயந்திரம் வீட்டில் அவளுடைய மகள் விளையாட்டுக்குக் கூப்பிட்டாள். நாலாம் வகுப்பு படிக்கிறவள். டாக்டர் குச்சியால் குத்திப் பார்த்த கதையைக் கேட்டதிலிருந்து அதுதான் அவளுக்கு விளையாட்டு. அம்மா கண்ணை மூட வேண்டும், அவள் விரல் நுனியில் எதையாவது வைப்பாள், என்னவென்று அம்மா சொல்ல வேண்டும். கொசு கண்ணை மூடினாள்.

"இது?"

"ரப்பர்."

"கரெக்ட். இது?"

"பொத்தான். சட்டைப் பொத்தான். ஓரம்கூடத் தெரியுது."

"கரெக்ட்மா." குரல் கொஞ்சம் இழுத்தது.

கொசு கண்ணைத் திறந்தாள். விரல்மேல் எதுவும் இல்லை. மகளின் இரண்டு கைகளும் அவள் மடியில் கிடந்தன.

"எதுவுமே வைக்கலையா?"

"முதல்ல வச்சேன், சாக்பீஸ். ரெண்டாவது தடவை சும்மா. நீ என்ன சொல்றன்னு பாக்கலாம்னு."

"அப்புறம் ஏன்டி கரெக்ட்னு சொன்ன?"

"நீ சந்தோஷமா சொன்னியே" என்றாள் மகள்.

மரத்துப்போன விரலை நம்பாமல் இருந்துவிடலாம். இந்த விரல் இல்லாததை இருப்பதாகச் சொல்லிற்று, ஓரம் முதற்கொண்டு. அவள் அன்றைக்கு மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் முதல் வேலையாக இன்சார்ஜ் அறைக்குப் போய் நின்றாள். இன்சார்ஜ் நல்ல மனிதர்தான். ஆனால் எந்தப் பிரச்சினையும் தன் மேசைக்கு வருமுன் தானே செத்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். தமனி சமாச்சாரத்தைக் கேட்கும்போது மட்டும் பேனாவைக் கீழே வைத்தார்.

"யானைக்கும் அடி சறுக்கும்மா. இதுக்குப் போயா? ஈஸியான கேஸ் மட்டும் நீ எடு. கஷ்டமானதைக் கண்ணாடிகிட்ட விடு."

"எது ஈஸின்னு தொட்டுப் பாத்தாத்தானே சார் தெரியும்? தொட்டா எனக்குத் தெரியலைன்னுதான் சொல்றேன்."

"நீ உள்ள இல்லைன்னா ஜனங்க சீட்டே வாங்காம திரும்பிப் போவாங்க. கண்ணாடிக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். அவ விரல் வேலை செய்யுது."

"எத்தனை நாளைக்கு?"

"தெரியாது. டாக்டருக்கும் தெரியாது."

அவர் பெருமூச்சு விட்டார். கதவோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்த கவுன்ட்டர்க்காரர், "கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கும்பாங்க. நம்ம ஆபீஸ்ல கண்ணாடிதான் கதி போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரே கொஞ்சம் சிரித்துக்கொண்டார்.

அதே வாரம் அவள் நரம்பு டாக்டரிடமும் போய், தன் வேலை என்ன என்று முழுதாகச் சொன்னாள். அவர் காகிதத்தில் 'லேப்' என்பதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மாத்திரை அளவை மாற்றினார். வேறொன்றும் மாறவில்லை.

கொசு இயந்திர அறைக்குப் போனாள். வந்த குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் அடுக்குவது, எண்ணைச் சரிபார்ப்பது, முடிவை அச்சிடுவது. அங்கே ஏசி காற்று நேராகக் கையில் விழும், அதனால் இடது கைக்குக் கம்பளி உறை ஒன்று போட்டுக்கொண்டாள். ஒரு கண்ணாடிக் குழாய் கைநழுவி உடைந்த பிறகு எல்லாவற்றையும் வலது கையாலேயே எடுத்தாள். எரிச்சல் வரும்போது கையை மடியில் வைத்து, அழுகிற குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். குழந்தையாவது ஒரு கட்டத்தில் தூங்கிவிடும். காலையில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல்கள் கேட்கும். "கொசு இல்லையா?" "எப்ப வருவாங்க?" முதல் வாரம் ஒரு நாளில் இருபது தரம் கேட்டது. இரண்டாம் வாரம் எட்டு. அவள் எண்ணவில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் கண்டக்டரம்மா வந்தார். முழங்கை மடிப்பில் இருந்த கறுப்பு மஞ்சளாக மாறியிருந்தது. அவரைத் திருப்பி அனுப்ப முடியாது, அணுக்களின் எண்ணிக்கை அன்றைக்கே தெரிய வேண்டும். கவுன்ட்டர்க்காரர் இயந்திர அறைக் கதவைத் தட்டினார்.

"உன் ஆளு வந்திருக்கு. கண்ணாடிகிட்ட உக்கார மாட்டேங்குது. நீ வந்து ஒரு வார்த்தை சொல்லு."

கொசு போனாள். கண்டக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடி பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ எடு கொசு. நாலு தரம் குத்து, பொறுத்துக்கிறேன். தெரிஞ்ச பேய் நீ."

"நான் எடுக்க முடியாதுக்கா. என் விரல் செத்துப்போச்சு. போன தடவையே செத்துத்தான் இருந்தது, உங்ககிட்ட மறைச்சேன். தண்ணி கதையெல்லாம் சும்மா."

கண்டக்டரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு டம்ளர்டி" என்றார்.

"தெரியும்."

"ரெண்டு பாத்ரூம்."

"தெரியும்க்கா. திட்டிக்கோங்க. ஆனா கையை அவகிட்ட குடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

கண்டக்டரம்மா ஒரு வழியாகக் கையை நீட்டினார். பட்டை கட்டப்பட்டது. ஆனால் அவர் கண் கொசுவின்மேலேயே இருந்தது, கை கட்டை மாதிரி விறைத்திருந்தது. கண்ணாடியும் விரலை வைத்துவிட்டு ஒவ்வொரு தரமும் கொசுவை நிமிர்ந்து பார்த்தாள். சரியா என்று கேட்கிற பார்வை. முதல் குத்து தவறியது. ரத்தம் வரவில்லை. கண்டக்டரம்மா பல்லைக் கடித்தார்.

"கொஞ்சம் உள்பக்கம்" என்றாள் கொசு.

"பாத்தேங்க்கா, அங்க இல்ல."

"இருக்கு. எனக்குத் தெரியாதா? எத்தனை வருஷமா பாக்குறேன் இந்தக் கையை." சொல்லிக்கொண்டே கம்பளி உறையைக் கழற்றி, குனிந்து இடது ஆள்காட்டி விரலை முழங்கை மடிப்பில் வைத்தாள். எழும்பியது, நன்றாகவே எழும்பியது. "இதோ. இங்க குத்து."

கண்ணாடி அந்த விரலை ஓரமாக நகர்த்திவிட்டு, தன் விரலை அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள். நிதானமாக, நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள். பிறகு கொசுவைப் பார்த்துச் சொன்னாள்:

"அக்கா, அங்க துடிக்குது."

கொசு விரலை மடக்கிக்கொண்டாள்.

"நீங்க வெளிய போங்கக்கா" என்றாள் கண்ணாடி. ஒன்பது வருடத்தில் அவள் கொசுவிடம் சொன்ன முதல் கட்டளை. குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. "நீங்க இங்க நின்னா அவங்களும் உங்களைத்தான் பாக்குறாங்க, நானும் உங்களைத்தான் பாக்குறேன். கையை யாரும் பாக்கல."

கொசு கண்டக்டரம்மாவைப் பார்த்தாள். இல்லை, அவள் இருக்கட்டும் என்று அவர் சொல்வார் என ஒரு கணம் எதிர்பார்த்தாள். கண்டக்டரம்மா அதற்குள் முகத்தைக் கண்ணாடி பக்கம் திருப்பியிருந்தார்.

"ஏம்மா, உனக்கு மூக்குல கண்ணாடி இறங்கி நிக்குது பாரு. அதை முதல்ல ஏத்து" என்றார். விறைத்திருந்த கை கொஞ்சம் தளர்ந்திருந்தது.

கொசு கம்பளி உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். இரண்டடி வைத்து நின்றாள். அறைக்குள்ளிருந்து செருப்புச் சத்தம் கதவுவரை வந்தது. கதவு அவள் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது, பிறகு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.